மெனோர்காவின் குதிரைப் பாதை: கேட்டவற்றுக்கு என் பதில்கள்

மத்தியதரைக் கடலில் ஸ்பெயினைச் சேர்ந்த மெனோர்கா தீவைக் கால்நடையாகச் சுற்றிவர 185 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. காமி தெ கவாய்ஸ், அதாவது குதிரைப் பாதை. தீவைக் கெடுக்காமல் நடைபயணச் சுற்றுலாவை வளர்ப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் நான் இதைத்தான் உதாரணம் காட்டுவேன். வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: இந்தப் பாதையைச் சுற்றுலாவுக்காகப் போட்டார்களா?

இல்லை. கடற்கரையைக் காவல் காக்கக் குதிரை வீரர்கள் சுற்றி வந்த பழைய தடம் இது. காவலுக்கு வேலை இல்லாமல் போன பிறகு பல இடங்களில் புதர் மூடிவிட்டது, சில இடங்களில் நிலத்துக்காரர்கள் அடைத்துவிட்டார்கள். வழி எங்களுக்கும் சொந்தம் என்று ஊர்மக்கள் விடாமல் கேட்டார்கள். 2000இல் மெனோர்காவும் சேர்ந்த பலேரிக் தீவுகளின் சட்டமன்றம் இதில் எல்லோரும் நடக்கலாம் என்று சட்டமே போட்டது. அதற்கப்புறமும் சீரமைத்து முழுச் சுற்றாகத் திறக்க 2010 ஆகிவிட்டது. பத்து வருடம்! பாதைத் திட்டம் என்றதும் எல்லோரும் பலகை, வரைபடம், செயலி என்று போய்விடுகிறார்கள், ஆனால் முதலில் தீர வேண்டியது யார் நிலத்தில் யார் நடக்கலாம் என்பதுதான்.

கேள்வி: விவசாயிகளுக்குத் தொல்லை இல்லையா?

இருக்கும். இந்தத் தீவின் மஹோன் சீஸுக்குப் பால் தரும் மாடுகள் அந்த நிலங்களில்தான் மேய்கின்றன. வழியில் காட்டு ஒலிவ மரத்தில் செய்த, வளைந்து நெளிந்த படல்கள் வரும். திறந்து நுழைந்தால் சாத்திவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு படலைத் திறந்து போட்டுவிட்டு ஒரு கூட்டம் படம் எடுத்துக்கொண்டே போனதையும், பின்னால் வந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் வந்து அதைச் சாத்தியதையும் பார்த்திருக்கிறேன். அவர் பொறுமையில்தான் இந்தப் பாதையே ஓடுகிறது என்று எனக்குத் தோன்றியது.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? கூடாரம் போடலாமா?

ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் தாங்காது, நிழலும் குறைவு. வழியில் குடிநீரை நம்ப முடியாது, சுமந்துதான் போக வேண்டும். வடகரையில் எல்ஸ் அலோக்ஸ் பக்கம் ஏற்ற இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும். கண்ட இடத்தில் கூடாரம் போட அனுமதி கிடையாது, 20 கட்டங்களாகப் பிரித்திருப்பதால் ஊரில் தங்கி ஊரில் சாப்பிட்டு நடக்கலாம், அந்தப் பணமும் ஊருக்கே போகும். பிரான்ஸின் கோர்சிகா தீவில் ஜிஆர் 20 பாதையிலும் மலை விடுதிகளை ஒட்டி மட்டும்தான் கூடாரம், காட்டுத்தீ பயம் இருக்கும் நாட்டில் இந்த விதி அவசியம்.

கேள்வி: கூட்டம் அதிகமானால் என்ன செய்வது?

கிரீஸில் கிரீட் தீவின் சமாரியா பள்ளத்தாக்கைப் பாருங்கள். 16 கிலோமீட்டர், மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் அயியா ரூமெலியில் படகு ஏறித் திரும்புவார்கள். ஒரே வழி என்பதால் எல்லோரும் காலையில் ஒன்றாக இறங்குகிறார்கள். மெனோர்காவில் சுற்றுப்பாதை, எங்கிருந்தும் தொடங்கலாம், அதனால் ஆட்கள் பரவிவிடுகிறார்கள். ஆனால் மகரேயா மாதிரி அழகான கடற்கரைகளுக்குக் கார்கள் குவிந்ததால், கோடையில் கார்களைத் தடுத்துப் பேருந்து விட்டார்கள். நல்ல முடிவு. எனக்கு ஒரே குறை, கடற்கரைப் பேருந்துகள் பல கோடைக்கு மட்டும்தான் ஓடுகின்றன, நடப்பவர்கள் வருவதோ வசந்தத்தில். ஒரு கட்டம் முடித்து ஆளில்லாத விரிகுடாவில் நின்று டாக்ஸிக்கு அலைந்திருக்கிறேன். இதைச் சரிசெய்தாலே வாடகைக் கார்கள் பாதி குறையும் என்பது என் கணிப்பு.

கேள்வி: கடற்கரையில் காய்ந்த பாசி குவிந்து கிடக்கிறதே, சுத்தம் செய்ய மாட்டார்களா?

அது பாசி இல்லை, பொசிடோனியா என்ற கடற்புல்லின் இலை. மணலை அலை அடித்துப் போகாமல் பிடித்துவைப்பதே அதுதான். அள்ளி எடுத்தால் கடற்கரையே மெலிந்துவிடும். 1993இலேயே யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த தீவு அது, கால் வைக்கும் இடத்தைக் கொஞ்சம் பார்த்து வையுங்கள். மணல்மேடுகளில் கயிறு கட்டியிருந்தால் தாண்ட வேண்டாம்.

கேள்வி: எங்கள் குழு வேறொரு தீவில் பாதைத் திட்டம் எழுதுகிறது. கைவசம் கொஞ்சம் பணம்தான். எதில் போடலாம்?

கல் அடுக்கத் தெரிந்தவருக்கு மாதச் சம்பளமாகக் கொடுங்கள். சாந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டும் சுவர்கள் மெனோர்கா முழுக்க இருக்கின்றன. இந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், ஸ்பெயினோடு கிரீஸ், குரோஷியா, இத்தாலி எல்லாம் சேர்ந்து கேட்டது. மழைநீர் சுவர் இடுக்கில் வழிந்து போகும், மண் நிற்கும். ஆனால் ஒரு கல் விழுந்து அப்படியே விட்டால் அடுத்த மழையில் பத்து கல் விழும், நடப்பவர்கள் பக்கத்தில் சுற்றிப் போய்ப் புதுத் தடம் போடுவார்கள், அங்கே மண் அரிக்கும். அதனால் திறப்பு விழாவுக்கு வைத்திருக்கும் தொகையையும் இதிலேயே சேர்த்துவிடுங்கள். முடிந்தால் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு இரண்டு இளைஞர்களையும் வேலைக்கு வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் மூவரும் பாதை முழுக்க ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.