பீர் ஆலை ஆய்வகத்தில் மகளுக்கு வேலை: அனுப்பலாமா?

ஐயா,

மகள் மைக்ரோபயாலஜி முடித்த கையோடு வேலை கிடைத்ததில் சந்தோஷம். அது பீர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் என்றதும் வருத்தம். "பிள்ளை பாட்டிலும் கையுமாக இருப்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டிலும் கையுமாகத்தான் இருப்பாள். ஆனால் அதை எப்படித் திறப்பாள் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பீரைக் கெடுக்கும் கிருமி பாட்டிலுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. மூடி போட்ட பாட்டிலை முதலில் நன்றாகக் குளிர வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திறந்ததும் நுரை பொங்கி வழியும். அடியில் தங்கியது கலக்கும்படி மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. மூடியையும் கழுத்தையும் 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். 100 சதவீதம் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை, கிருமியின் புரதம் குலைவதற்குக் கொஞ்சம் தண்ணீரும் தேவை. (மகளிடம் கேட்டுப் பாருங்கள், டக்கென்று சொல்வாள்.) அப்புறம் ஓப்பனரைத் தீயில் காட்டி, பர்னர் பக்கத்திலேயே திறந்து, பாட்டில் வாயையும் தீயில் ஒரு சுற்றுக் காட்டி, உடனே வடிகட்டிக்குள் ஊற்ற வேண்டும். கேன் என்றால் இன்னும் தலைவலி: மூடியில் தீயை அதிக நேரம் காட்டினால் உள்ளே அழுத்தம் ஏறிவிடும்.

அந்த வடிகட்டிச் சவ்வின் துளை 0.45 மைக்ரோமீட்டர். பீர் இறங்கிவிடும், பாக்டீரியா மேலே நின்றுவிடும். சவ்வை இடுக்கியால் எடுத்து அகார் தட்டில் (கிருமி வளர உணவுள்ள கூழ்த் தட்டு) வைத்து, ஆக்சிஜன் இல்லாத ஜாடியில் மூடி, ஐந்து முதல் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

ஏழாம் நாள் தட்டில் ஒரே ஒரு காலனி, அதாவது கிருமி பெருகி உண்டான புள்ளி, தெரிகிறது. அது பீரிலிருந்து வந்ததா, அவள் கையிலிருந்து வந்ததா? இந்த வேலையின் உயிரே இந்தக் கேள்விதான். கையிலிருந்து வந்திருந்தால் நல்ல சரக்கு வீணாக முடங்கும். பீரிலிருந்து வந்ததைக் கைப்பிழை என்று ஒதுக்கிவிட்டால் கெட்ட சரக்கு வெளியே போகும். அதனால்தான் கிருமி நீக்கிய தண்ணீரையும் இதேபோல வடிகட்டி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆலோசகராவதற்கு முன் நானும் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். ஒருமுறை வெறும் தண்ணீர்த் தட்டிலும் அதே காலனி வந்து நின்றது. இடுக்கியைத் தீயில் காட்ட மறந்திருந்தேன். ஒரு வார வேலை போச்சு.

கிருமி என்றதும் பயப்பட வேண்டாம். புளிப்பு, ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு, ஆல்கஹால், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் சேர்ந்திருப்பதால் நோய்க் கிருமிகள் பீரில் வளர்வதில்லை. ஹாப்ஸைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள்தான் எதிரிகள். கலங்கலும் புளிப்பும் அவற்றின் வேலை. பீடியோகாக்கஸ் வந்தால் வெண்ணெய் வாடையும் அடிக்கும்.

இதே கைப்பழக்கத்தைத்தான் ஊசி மருந்து, கண் சொட்டு மருந்து, பால், குடிநீர் ஆய்வகங்களும் தேடுகின்றன. இரண்டு வருடம் கழித்து அவள் அந்தப் பக்கம் போக நினைத்தால் கதவு திறந்தே இருக்கும். மதுத் தொழிலில் என்ன அறிவியல் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பிஎச் அளவுமுறையை 1909-இல் வேதியியலாளர் சோரன்சன் உருவாக்கியது டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையைச் சேர்ந்த ஆய்வகத்தில்தான்.

சிக்கல்களும் உண்டு. நாள் முழுக்க நிற்க வேண்டும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், ஷிப்ட் இருக்கலாம். அவசரக்காரிக்கு ஒத்துவராது. மகளுக்கே மதுத் தொழில் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அது உங்கள் பயத்தைவிடப் பெரிய காரணம்.

சேர்வதற்கு முன் அவள் இரண்டு விஷயம் கேட்கட்டும். பாட்டிலோடு நிறுத்திவிடாமல் ஈஸ்ட், தண்ணீர், தொட்டி கழுவிய நீர் ஆகியவற்றின் பரிசோதனையிலும் மாற்றி மாற்றிப் போடுவார்களா? சுவை பார்க்கும் குழுவில் சேர வேண்டியது கட்டாயமா? கிருமிப் பரிசோதனைக்கு ஒரு சொட்டுக்கூடக் குடிக்கத் தேவையில்லை. ஆனாலும் இரண்டாவது கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.