விருந்தாளி வந்தால் குரைப்பு, குதிகாலில் கடி: மேய்ப்பு இன நாய்கள் பற்றிய கேள்வி பதில்

பார்டர் கோலி, கோர்கி, ஜெர்மன் ஷெப்பர்டு, ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் வளர்ப்பவர்களிடமிருந்துதான் இந்த முறை பெரும்பாலான கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன்.

சார், எங்க பார்டர் கோலிக்கு ஒன்றரை வயசு. காலிங் பெல் அடிச்சதும் வாசலுக்கு ஓடி விடாம குரைக்குது. "சும்மா இரு"ன்னு அதட்டினா இன்னும் அதிகமாகுது. என்ன செய்யலாம்? (கோவை)

முதலில் அதட்டுவதை நிறுத்துங்கள். பெல் அடித்ததும் அது கத்துகிறது, பின்னாலேயே நீங்களும் கத்துகிறீர்கள். வீடே சேர்ந்து எச்சரிக்கிறது என்றுதான் அதற்குப் படும்.

பெல் சத்தத்தையும் விருந்தாளியையும் பிரித்துத் தனித்தனியாகப் பழக்க வேண்டும். உங்கள் வீட்டு பெல்லையே போனில் பதிவு செய்யுங்கள். காது மட்டும் அசையும், குரைப்பு வராது என்ற அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து ஒலிக்க விடுங்கள். ஒலித்த ஒரு விநாடிக்குள் பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. உப்பு, மசாலா வேண்டாம். ஒரு அமர்வில் 8 முதல் 10 தடவை போதும், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு. வரிசை மாறக் கூடாது: முதலில் சத்தம், பிறகு தீனி. கை முதலில் தீனிப் பைக்குள் போனால் நாய் உங்கள் கையைக் கவனிக்கும், பெல்லைக் கற்றுக்கொள்ளாது. பெல் கேட்டதும் வாசலைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கினால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். குரைத்துவிட்டால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று பொருள். இரண்டு படி இறங்கி மறுபடி தொடங்குங்கள்.

போனில் சாதித்துவிட்டு நிஜ பெல்லில் தோற்பவர்கள் நிறைய. சுவரிலிருந்து வரும் சத்தமே வேறு. அதனால் அடுத்த கட்டமாக வீட்டில் ஒருவர் வெளியே போய் பெல்லை அழுத்தட்டும். அப்போது நாய் வாசலிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் அறையில் இருக்க வேண்டும். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வாசலை நோக்கி வரலாம்.

இதே நாட்களில், பெல்லே இல்லாமல், பாயில் படுக்கச் சொல்லிக்கொடுங்கள். வாசலிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி ஒரு பாயோ தடித்த மிதியடியோ போடுங்கள். அது தானாகக் காலை வைத்தாலே தீனி. தீனியைக் கையில் நீட்டாதீர்கள், பாயின் மேலேயே முன்னங்கால்களுக்கு நடுவில் வையுங்கள். கையில் நீட்டினால் உங்களை நோக்கி எழுந்து வரும். படுத்த பிறகு இருக்கும் நேரத்தை 2 விநாடி, 5, 3, 8, 4 என்று ஏற்றி இறக்கிக் கொடுங்கள். ஏற்றிக்கொண்டே போனால் பாதியில் எழுந்துவிடும். "போகலாம்" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எழ வேண்டும். அது நிலைத்ததும் கதவுப் பக்கம் நடப்பது, தாழ்ப்பாளைத் தொடுவது, திறந்து மூடுவது, வெளியே யாரும் இல்லாமலே "வாங்க வாங்க" என்று சொல்வது, இவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஆள் வருவது கடைசியில்தான். அதுவும் முதலில் நாய்க்கு நன்கு தெரிந்தவராக இருக்கட்டும்.

அக்கா பிள்ளைங்க ரெண்டு பேர் லீவுக்கு வந்திருக்காங்க. எங்க கோர்கி அவங்க பின்னாலேயே ஓடி குதிகாலைக் கவ்வுது. விளையாட்டுதானே, பல்லு படும் அளவுக்கு இல்லைன்னு மாமா சொல்றாரு. (மதுரை)

மாமா நினைப்பது போல் விட்டுவிடக் கூடாது. வேட்டை நடத்தை ஒரு தொடர்: கவனிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. மேய்ப்பு இனங்களில் முன்பாதியைத் தேர்ந்து வளர்த்திருக்கிறார்கள், கடைசிப் பகுதியை அடக்கியிருக்கிறார்கள். பார்டர் கோலி கண்ணாலேயே ஆட்டை நிறுத்தும். வேல்ஸில் மாடு ஓட்டிய கோர்கி குதிகாலைக் கவ்வி நகர்த்தும். ஓடும் குழந்தை அதற்கு மந்தையிலிருந்து பிரிந்த கன்று. குழந்தை வீறிட்டு இன்னும் வேகமாக ஓடினால் "வேலை நடக்கிறது" என்று அது இன்னும் அழுத்திக் கவ்வும்.

நாய் திருந்தும்வரை காத்திருக்காமல் இன்றே செய்ய வேண்டியது, ஓட்டமும் நாயும் ஒரே இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான். பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் நாய் பேபி கேட்டுக்கு (அறை வாசலில் மாட்டும் தாழ்வான தடுப்புக் கதவு) அந்தப் பக்கம் இருக்கட்டும். அதற்கு மெல்ல ஏதாவது கொடுங்கள். கேட் இல்லையென்றால் 2 மீட்டர் லேசான லீஷை (பிடிகயிறு) ஹார்னஸில் (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை) மாட்டி, முனையைப் பெரியவர் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள், கை கடிபடுவது அங்கேதான். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: நாய் துரத்தினால் ஓடாமல், கத்தாமல், கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்டவர்களால் இதைச் செய்ய முடியும் என்று நம்பிவிடாதீர்கள், அந்த வயதில் கேட்தான் பாதுகாப்பு.

வேலையை முற்றிலும் பறிக்கவும் வேண்டாம். பிள்ளைகள் மெதுவாக நடக்கும்போது நாய் உங்களைத் திரும்பிப் பார்த்தால் தீனி. பிறகு வேகமாக நடக்கும்போது. பிறகுதான் ஓட்டம், அதுவும் தூரத்திலிருந்து. கண் இமைக்காமல் நிலைத்து, தலை தாழ்ந்து, உடம்பு இறுகினால் அந்த நொடியில் கூப்பிட்டுத் திருப்புங்கள். ஓடத் தொடங்கிய பிறகு கூப்பிட்டால் அதன் காதில் விழாது.

இன்னொன்று. தோலில் கீறல் விழுந்தாலே, இரத்தம் வராவிட்டாலும், உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். "நம்ம வீட்டு நாய், ஊசி போட்டாச்சு" என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி தென்பட்ட பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத நோய். தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

எங்க சிப்பிப்பாறை வர்றவங்களைச் சுத்திச் சுத்தி குரைக்குது. இதுவும் மேய்ப்புதானா சார்? (விருதுநகர்)

இல்லை. சிப்பிப்பாறை கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் வேட்டை இனம். அந்நியர் வந்ததும் வட்டமிட்டுக் குரைப்பது பெரும்பாலும் தயக்கமும் காவலும் கலந்தது. வால், உடல் எடை, தூரம் ஆகியவற்றைப் பாருங்கள். உடல் எடை பின்னங்கால்களில் சாய்ந்து, ஆள் திரும்பினால் பின்வாங்கி, ஆள் முதுகு காட்டினால் நெருங்கி வந்தால் அது பயம்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, விருந்தாளி கையிலேயே தீனியைக் கொடுத்து நீட்டச் சொல்வது. பயந்த நாய் தீனிக்காகத் துணிந்து கிட்ட வரும், தின்று முடித்ததும்தான் எவ்வளவு நெருங்கிவிட்டோம் என்று உணர்ந்து பாயும். விருந்தாளி உட்கார்ந்தபடி, நாயைப் பார்க்காமல், தீனியை நாய்க்குப் பின்னால் வீசட்டும். விலகிப் போய்த் தின்னும், திரும்பி வரும், மறுபடி விலகும். தூரத்தை அதுவே தீர்மானிக்கும். தொட முயல வேண்டாம். முதல் சந்திப்பில் தொடாமலே இருந்தால் அது வெற்றிதான்.

குரைப்பை நிறுத்தும் கரண்ட் காலர் ஆன்லைன்ல கிடைக்குது. வாங்கலாமா?

வேண்டாம். விருந்தாளியைப் பார்த்துக் குரைக்கும்போது கழுத்தில் வலித்தால், வலிக்குக் காரணம் அந்த ஆள் என்று அது முடிவு செய்ய வாய்ப்பு அதிகம். அடுத்த தடவை குரைக்காமலே கடிக்கும் நாயை உருவாக்கும் வழி இது. குரைப்பு எச்சரிக்கை, எச்சரிக்கையை மட்டும் அழித்துவிட்டு அதன் பின்னாலிருக்கும் பயத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். வேல்ஸில் 2010லேயே இந்தக் காலரைத் தடை செய்துவிட்டார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு பேபி கேட் வாங்குங்கள்.

அபார்ட்மென்ட்ல நாலாவது மாடி. கூரியர், பால்காரர், லிஃப்ட் சத்தம், எல்லாத்துக்கும் குரைப்பு. நாங்க ஒண்ணும் தீனி கொடுத்துப் பழக்கலையே? (சென்னை)

நீங்கள் கொடுக்கவில்லை, கூரியர்காரர் கொடுக்கிறார். அவர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். நாய்க்குத் தெரிந்த கணக்கில் அது விரட்டிவிட்டது. தினமும் பல தடவை வெற்றி கிடைக்கும் பழக்கம் தானாக மறையாது.

அதனால் காட்சியையும் சத்தத்தையும் குறையுங்கள். கதவு கம்பிக் கிராதியாக இருந்தால் நாயின் கண் உயரத்துக்கு மேல் வரை துணி கட்டுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு மங்கல் ஃபிலிம் ஒட்டுங்கள். டெலிவரிக் குறிப்பில் "பெல் அடிக்க வேண்டாம், போன் செய்யவும்" என்று எழுதுங்கள். படுக்கையை வாசலிலிருந்து உள் அறைக்கு மாற்றுங்கள். பகலில் ஃபேன் சத்தமும் உதவும். இதெல்லாம் பயிற்சி இல்லை, ஆனால் இது இல்லாமல் பயிற்சி எடுபடாது.

தினமும் ஒரு மணி நேரம் பந்து எறியறோம். களைச்சுப் போகும்னு பார்த்தா சாயங்காலம் இன்னும் மோசமா இருக்கு.

பந்தே காரணமாக இருக்கலாம். திரும்பத் திரும்ப ஓடிப் பிடிப்பது துரத்தும் பகுதியையே மணிக்கணக்கில் கூர்தீட்டுகிறது. உடம்பு களைக்கும், மனம் பரபரப்பிலேயே நிற்கும். பந்தை ஐந்து, ஆறு எறிதலோடு நிறுத்துங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் உட்கார வையுங்கள். மீதி நேரத்தை மூக்குக்குக் கொடுங்கள்: நீளமான லீஷில் மெதுவாக மோந்துகொண்டே நடக்கட்டும், ஒரு வேளை உணவைப் புல்லில் தூவித் தேடவிடுங்கள். வெயில் காலத்தில் காலை ஏழுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். லேசர் ஒளியைத் துரத்தும் விளையாட்டு அறவே கூடாது. பார்டர் கோலிகள் சுவரில் விழும் நிழலையும் வெளிச்சத்தையும் துரத்தும் பழக்கத்தில் சிக்கினால் மீட்பது கடினம்.

தூக்கத்தையும் பாருங்கள். வளர்ந்த நாய்க்கு ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும், குட்டிக்கு 18 வரை. பகலில் படுத்தாலும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழும் நாய் தூங்கியதாகக் கணக்கில்லை.

எங்க கேட்டில் டாக் விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது சாதுவா இருக்கு. அவங்க கிளம்ப எழுந்தா மட்டும் காலைக் கவ்வுது! (மெல்போர்ன்)

இது இந்த இனத்தின் இயல்பு. இடம்விட்டு நகரும் மாட்டைப் பின்னங்காலில் கவ்வி ஓட்டவே ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டது, அதனால் அசைவே அதைத் தூண்டுகிறது. நிறைய பேர் வரவேற்புக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு வழியனுப்புவதை மறந்துவிடுகிறார்கள்.

விருந்தாளியிடம் முன்பே சொல்லிவையுங்கள்: "கிளம்பறேன்" என்று வாயால் சொல்லட்டும், உடனே எழ வேண்டாம். நீங்கள் நாயைப் பாயில் படுக்கவைத்து லீஷைப் பிடித்த பிறகு எழலாம். தனியாகப் பயிற்சியும் செய்யுங்கள். வீட்டு ஆள் நாற்காலியில் பாதி எழுந்து உட்காருவது, முழுதாக எழுவது, பையை எடுப்பது, செருப்பை மாட்டுவது என்று ஒவ்வொரு அசைவுக்கும் பாயில் தீனி. பையும் செருப்பும் தனித்தனித் தூண்டுதல்கள், ஒன்றாகச் சேர்த்து ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்த வாரம் வளைகாப்பு. முப்பது பேர் வருவாங்க. அதுக்குள்ள பழக்க முடியுமா சார்?

முடியாது, முயலவும் வேண்டாம். அன்றைக்குத் தனி அறைதான். இன்றிலிருந்தே தினம் அரை மணி நேரம் அந்த அறையில் மெல்லும் பொருளோடு இருக்கப் பழக்குங்கள், அன்றுதான் முதன்முறையாகப் பூட்டினால் கதவைப் பிராண்டும். விழா அன்று ஆட்கள் வருமுன் நிதானமான நடை, பிறகு அறையில் ஃபேன், தண்ணீர், உறையவைத்த தயிர் தடவிய ரப்பர் பொம்மை. கதவில் "திறக்காதீர்கள், உள்ளே நாய்" என்று பெரிதாக எழுதி ஒட்டி, வெளிப்புறம் பிள்ளை கைக்கு எட்டாத தாழ்ப்பாள் போடுங்கள். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையோ இருமல் மருந்தோ கொடுக்காதீர்கள், தேவையென்றால் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

நாங்க சைவம். கோழிக்குப் பதிலா என்ன கொடுக்கலாம்?

பனீர், வேகவைத்த கேரட், உப்பில்லாத வேர்க்கடலை. நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பாருங்கள். உலர் திராட்சை, வெங்காயம், சாக்லேட், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி) கலந்த இனிப்பு ஆகியவை நாய்க்கு விஷம்.

பத்து வயசு ஷெப்பர்டு, இதுவரை சாது. ரெண்டு மாசமா வர்றவங்களைப் பார்த்து உறுமுது.

பயிற்சிக்கு முன் மருத்துவர். இடுப்பு வலி, காது மந்தம், பார்வை மங்கல், இவை மூன்றும் இந்த வயதில் முதலில் இப்படித் தெரியலாம். யாராவது தொட்டால் வலிக்குமோ என்று பயப்படும் நாய் தூரத்திலேயே தடுக்கும்.

எத்தனை நாளில் பலன் தெரியும்? ஒரு வாரம் நல்லா இருந்து திடீர்னு முன்னைவிட அதிகமா குரைக்குது.

பழக்கத்தின் வயதைப் பொறுத்தது. சில வாரங்களில் மாற்றம் தெரியும், உறுதிப்பட மாதங்கள் ஆகும். நீங்கள் சொல்லும் அந்தத் திடீர் ஏற்றம் வழக்கமானதுதான்: இதுவரை குரைத்துக் கவனத்தைப் பெற்ற நாய், கிடைக்காதபோது கடைசியாக ஒரு முறை முழு பலத்தையும் காட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் பாட்டி ஒரு முறுக்கைக் கொடுத்து வாயடைத்தால், இவ்வளவு சத்தம் போட்டால்தான் கிடைக்கும் என்று அது பாடம் படித்துவிடும். யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். அடுத்த மூன்று விருந்தாளிகளுக்கு நாயைக் கேட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு, பெல் பயிற்சியை இரண்டு படி கீழிறக்கித் தொடருங்கள்.