புல்வெளியில் திஸ்டில்: விதை தூவாதீர்கள், நாற்றாக நடுங்கள்

கேள்வி: காட்டுப்பூக்களுக்காக விட்டிருக்கும் புல்வெளியில் பல்லாண்டுத் திஸ்டில் என்ற முட்செடி வகை வேண்டும் என்று விதை தூவினேன், ஒன்றும் எழும்பவில்லை. தொழு உரம் போட்டால் வருமா? இடம் முழுக்கப் பரவிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உரம் மட்டும் போட்டுவிடாதீர்கள். முதலில் கொழுப்பது புல்தான், அது உயர்ந்து நின்று மற்ற பூச்செடிகளையும் அமுக்கிவிடும். காட்டுப்பூவுக்குச் சத்துக் குறைந்த மண்தான் நல்லது. அடர்ந்த புல்லில் விழுந்த விதைக்கு மண்ணும் வெளிச்சமும் கிடைப்பதில்லை, அதனால் தட்டில் விதைத்து, சின்னத் தொட்டியில் வேர் நிறையும் வரை வளர்த்து, இலையுதிர் காலத்தில் நடுங்கள். செடியைச் சுற்றி ஓரடி அகலத்துக்குப் புல்லை வேரோடு செதுக்கிவிட்டு, முதல் வருஷம் முழுக்க அந்த வட்டத்தில் புல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பரவும் பயம் நியாயமானதுதான், ஆனால் எல்லா இனமும் அப்படி இல்லை. தொல்லை கொடுப்பது சிர்சியம் அர்வென்ஸே, பிரிட்டனின் 1959 களைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. செடிக்குப் பக்கத்தில் மண்ணைக் கிளறிப் பாருங்கள்: வெள்ளைக் கயிறு மாதிரி வேர் பக்கவாட்டில் ஓடி, அங்கங்கே மொட்டு விட்டிருந்தால் அதேதான். கொத்திவிடாதீர்கள், துண்டான வேரெல்லாம் தனிச்செடியாகும். பூக்கும் முன்பே அடியோடு வெட்டி, தழைத்தால் மறுபடி வெட்டி, அதை ஓய வையுங்கள்.

நீங்கள் நட வேண்டியது குத்தாக நிற்கும் இனங்கள். ஈரம் காக்கும் இடம் என்றால் கருஞ்சிவப்புப் பூவுள்ள சிர்சியம் ரிவுலாரே, அல்லது சிர்சியம் ஹெட்டரோஃபில்லம். இரண்டாவது மெல்லத்தான் அகலும், முள்ளும் குத்தாது, இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சாக இருக்கும், எனக்கு மிகவும் பிடித்த செடி. வறண்ட, வெயில் விழும் இடத்துக்கு எக்கினாப்ஸ் ரிட்ரோ, நீல உருண்டைப் பூ. இதன் ஆணிவேர் ஆழமாக இறங்கும், அப்புறம் இடம் மாற்றினால் மண்ணில் தங்கிய வேர்த்துண்டு மறுபடி முளைக்கும், அதனால் இடத்தை முதலிலேயே யோசித்து முடிவு செய்யுங்கள்.

மற்ற பூக்கள் விதை உதிர்த்ததும் புல்லை அறுத்து, அறுத்ததை அங்கேயே போடாமல் வாரி வெளியேற்றுங்கள். திஸ்டில் தண்டுகளை மட்டும் விட்டுவையுங்கள், கோல்ட்ஃபின்ச் குருவிகள் அந்த விதையைத் தேடி வரும். இலையை நூலால் மடித்துக்கொண்டு முள் முளைத்த கறுத்த புழு உள்ளே இருந்தால் மருந்து அடிக்க வேண்டாம், பெரும்பாலும் அது பெயின்டட் லேடி பட்டாம்பூச்சியின் புழு.

இவ்வளவு செய்தும் புல் அடங்கவில்லையா? அறுத்த கையோடு மண் தெரியும்படி வாரி, ரைனாந்தஸ் மைனர் விதையைத் தூவுங்கள். புல்லின் வேரில் ஒட்டி உறிஞ்சியே வளரும் ஓராண்டுச் செடி அது. குளிர்காலக் குளிர் பட்டால்தான் முளைக்கும், வசந்தத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.