கேள்வி–பதில்: அயர்லாந்து கிரிக்கெட்டும் என் ஸ்கோர் புத்தகமும்

டப்ளினில் என் மகள் ஒரு கிளப்பின் 13 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடுகிறாள், அந்த ஆட்டங்களுக்கு நான் ஸ்கோர் எழுதுகிறேன் என்று சென்ற முறை போகிற போக்கில் எழுதியிருந்தேன். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைப் பற்றியே நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். சரி, இந்த முறை முழுக்க அதுதான்.

அயர்லாந்து என்றால் 2011-இல் இங்கிலாந்தை வெளுத்த அந்தப் பிங்க் தலைமுடிக்காரர் மட்டும்தான் நினைவுக்கு வருகிறார். அது ஏதோ ஒருநாள் அதிர்ஷ்டம்தானே? – காரைக்குடி வாசகர்

அவர் கெவின் ஓ பிரையன். புற்றுநோய் நிதிக்காகத்தான் தலைக்கு அந்தச் சாயம். பெங்களூருவில் 328 இலக்கு; 111 ரன்னுக்கு 5 விக்கெட் போயிருந்தது. அங்கிருந்து 50 பந்தில் சதம் அடித்தார். உலகக் கோப்பையின் அதிவேகச் சதமாக அது 2023 வரை நின்றது.

ஆனால் அதிர்ஷ்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கு நான்கு வருடம் முன்பு, 2007-இல், புனித பேட்ரிக் தினத்தன்று ஜமைக்காவில் இதே அணி பாகிஸ்தானை 132 ரன்னுக்குச் சுருட்டி, 3 விக்கெட்டில் வென்றது. அன்று 72 ரன் அடித்தவர் கெவினின் அண்ணன் நியால். இவர்களுடைய அப்பாவும் அயர்லாந்துக்கு ஆடியவர். 2007 அணியில் பள்ளி ஆசிரியர் இருந்தார், துணி விற்பனைப் பிரதிநிதி இருந்தார். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு உலகக் கோப்பைக்குப் போனவர்கள்!

இன்னும் பின்னால் போனால் சயான் மில்ஸ். டைரோன் மாவட்டத்தில் லினன் நூல் ஆலையைச் சுற்றி எழுந்த சின்ன ஊர். 1969 ஜூலை 2 அன்று வெஸ்ட் இண்டீஸ் அங்கே ஒருநாள் ஆட்டத்துக்கு வந்தது. முந்தைய நாள்தான் லார்ட்ஸ் டெஸ்ட்டை முடித்திருந்தார்கள். ஈரம் காயாத பச்சை ஆடுகளத்தில் முதலில் பேட்டிங் எடுத்தார்கள். 12 ரன்னுக்கு 9 விக்கெட்! கடைசி ஜோடி கொஞ்சம் தாக்குப்பிடித்ததால் 25 வரை வந்தது. அயர்லாந்துக் கேப்டன் டக்கி குட்வின் 6 ரன் கொடுத்து 5 விக்கெட், அலெக் ஓ ரியர்டன் 18-க்கு 4. கிளைவ் லாயிடும் அந்த அணியில் இருந்தார். எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். மழை வந்து ஆட்டம் நின்றால் போதும், இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். ஸ்கோர் அட்டை அவருக்கு மனப்பாடம்.

அயர்லாந்து, வடக்கு அயர்லாந்து இரண்டும் தனித்தனி அல்லவா? கிரிக்கெட் அணி யாருடையது? – நாமக்கல்

தீவு முழுவதற்கும் ஒரே அணி. டப்ளின் பையனும் பெல்ஃபாஸ்ட் பையனும் ஒரே சட்டை போடுகிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் மலாஹைடிலும் ஆட்டம் உண்டு, அந்தப் பக்கம் ஸ்டோர்மாண்டிலும் உண்டு.

ஆங்கிலேயனை எதிர்த்துப் போராடிய நாடு. அவன் ஆட்டத்தை எப்படி ஏற்றுக்கொண்டது? – மதுரை, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

ஐயா, நீங்கள் கேட்டதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டிப்பரரி, கில்கென்னி போன்ற உள்நாட்டு மாவட்டங்களில்கூட ஊருக்கு ஊர் கிரிக்கெட் இருந்தது. பண்ணையார் வீட்டுப் புல்வெளியில் பண்ணையாட்களும் சேர்ந்து ஆடினார்கள். டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் உள்ள ஃபீனிக்ஸ் கிளப் 1830-இல் தொடங்கியது. அதற்கு வித்திட்டவராகச் சொல்லப்படுபவர் ஐரிஷ் தேசியத் தலைவர் பார்னெலின் அப்பா.

அப்புறம் 1884-இல் கேலிக் விளையாட்டுச் சங்கம் பிறந்தது. மட்டையால் பந்தை அடித்து ஆடும் ஹர்லிங், கேலிக் கால்பந்து ஆகிய சொந்த ஆட்டங்களை அது மீட்டெடுத்தது. அந்நிய ஆட்டங்களை ஆடுகிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் சங்கத்தில் இடமில்லை என்று விதி போட்டது. அந்தப் பட்டியலில் கிரிக்கெட்டும் இருந்தது. 1971-இல்தான் அந்த விதியை எடுத்தார்கள். நிலத்துக்கும் மொழிக்கும் போராடிய மக்களின் கோபம் அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிராமத்துக் கிரிக்கெட் அதில் கருகிப்போனது உண்மை.

கருகாமல் தப்பிய இடங்களும் உண்டு. டப்ளினுக்கு வடக்கே கடலோரமாக ரஷ், ஸ்கெரீஸ், பால்பிரிகன் என்று ஊர்கள். காய்கறித் தோட்டமும் மீன்பிடியுமாக இருந்த அந்த ஊர்களில் கிரிக்கெட் விடாமல் ஒட்டிக்கொண்டது. 2019-இல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த கேப்டன் இயான் மோர்கன் அந்த ரஷ் ஊர்ப் பிள்ளைதான். மட்டையைத் திருப்பி அடிக்கும் அவருடைய ரிவர்ஸ் ஸ்வீப்புக்குச் சின்ன வயதில் ஆடிய ஹர்லிங்தான் காரணம் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். ஹர்லிங் மட்டையைச் சுழற்றும் ஒரு பையனின் மணிக்கட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தபிறகு நானும் நம்புகிறேன்.

எனக்கு வயது 34. வேலை மாறி டப்ளின் வருகிறேன். கல்லூரி அணிக்கு ஆடியவன். அங்கே என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? – கோவை

தாராளமாக, தம்பி. கிளப்புக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், போதும். டப்ளின் இருக்கும் லெய்ன்ஸ்டர் மாகாண லீக்கில் மேலிருந்து கீழ்வரை பல பிரிவுகள். ஒரே கிளப்பில் முதல் அணி, இரண்டாம் அணி, மூன்றாம் அணி என்று போகும். கீழ்ப் பிரிவுகளில் தமிழும் தெலுங்கும் உருதுவும் மைதானம் முழுக்கக் கேட்கும். ஐடி ஆட்கள், நர்ஸ்கள், டாக்சி ஓட்டுபவர்கள் என்று பலரும் வருவார்கள்.

குளிர்காலத்திலேயே தொடர்பு கொள்ளுங்கள். அப்போது உள்ளரங்கில் வலைப்பயிற்சி நடக்கும். ஆட்டங்கள் ஏப்ரல் பின்பாதியில் தொடங்கி செப்டம்பரில் முடியும். ஏப்ரல் மாதம் ஸ்லிப்பில் நிற்காதீர்கள். குளிரில் விரல் மரத்திருக்கும்போது பந்து பட்டால் உயிர் போகும். பந்து நம் ஊர் மாதிரி எழும்பி வராது. தாமதமாக வந்து தையலில் பட்டுத் திரும்பும். முன்காலில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் பழக்கம் இருந்தால் மே மாதம் முடிவதற்குள் விட்டுவிடுவீர்கள். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு மேல் டி20 தொடங்கலாம். அந்த மாலைகளுக்காகவே இந்த ஊரில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இங்கே கிளப் என்றால் ஆடிவிட்டு வீட்டுக்குப் போவது அல்ல. தூறல் விழுந்ததும் சக்கரம் வைத்த தார்ப்பாய் மூடிகளை இழுத்து ஆடுகளத்தின்மேல் விடுவது ஆட்டக்காரர்களேதான். தேநீர் வேளைக்கு முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுவர வேண்டும். சாண்ட்விச்சும் ஸ்கோனும்தான் வழக்கம். என் முறை வந்தபோது ஒரு அண்டா எலுமிச்சை சாதம் கொண்டுபோனேன். எதிரணிக் கேப்டன் இரண்டாவது முறை தட்டோடு வந்து நின்றார்.

சிமி சிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மொஹாலியில் பிறந்தவர். ஹோட்டல் நிர்வாகம் படிக்க அயர்லாந்து வந்தார், கிளப்பில் ஆடினார், பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்து 2017-இல் தேசிய அணிக்குள் வந்தார். 2021-இல் மலாஹைடில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக எட்டாவது ஆளாக இறங்கி ஆட்டமிழக்காமல் 100 அடித்தார். உங்களுக்கு 34 வயது என்பதால் அதே கதை நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் அணியில் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, பையன்களோடுதான் ஆடுகிறாள். அங்கே பெண் குழந்தைகளுக்கு எப்படி? – தஞ்சாவூர், ஒரு அம்மா

உங்களுக்கு எழுதுவதில்தான் எனக்கு அதிக சந்தோஷம். முதலில் ஒரு செய்தி. அயர்லாந்து ஆண்கள் தங்கள் முதல் டெஸ்ட்டை 2018-இல் ஆடினார்கள். பெண்கள் 2000-லேயே ஆடிவிட்டார்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரி மைதானத்தில் பாகிஸ்தானை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றார்கள். இசபெல் ஜாய்ஸ் 21 ரன்னுக்கு 6 விக்கெட். இன்றுவரை அவர்கள் ஆடிய ஒரே டெஸ்ட் அது. முழுநேரச் சம்பள ஒப்பந்தம் வந்ததோ 2022-இல். இடையில் இருந்த தலைமுறை வேலை பார்த்துக்கொண்டே நாட்டுக்கு ஆடியது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பிள்ளைகள் 11, 13, 15 வயதுக்குட்பட்டோர் என்று படிப்படியாகப் போவார்கள். கிளப்பில் நன்றாக ஆடினால் மாகாண அணி, அங்கிருந்து 19 வயதுக்குட்பட்டோர் அணி. குடும்பம் குடும்பமாக ஆடுவது இங்கே சகஜம். டெக்டர் வீட்டில் ஜாக், ஹாரி, டிம் மூன்று பையன்களுமே 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் அயர்லாந்துக்குக் கேப்டன்களாக இருந்தவர்கள். தங்கை ஆலிஸும் நாட்டுக்கு ஆடியிருக்கிறார். அயர்லாந்து பெண்கள் அணியில் ஆடும் கேபி லூயிஸின் தாத்தாவும் அப்பாவும் அயர்லாந்து வீரர்கள். கேபி முதல் சர்வதேச ஆட்டம் ஆடும்போது வயது 13!

இன்னொன்று, இது நம்மையும் தொடுவது. 1999-இல் மித்தாலி ராஜ் பதினாறு வயதில் சதம் அடித்தாரே, அது அயர்லாந்துக்கு எதிராகத்தான். மிக இளம் வயதில் ஒருநாள் சதம் என்ற அந்தச் சாதனையை 2021-இல் ஹராரேயில் முறியடித்தவர் ஏமி ஹன்டர் என்ற பெல்ஃபாஸ்ட் பள்ளி மாணவி. ஆட்டமிழக்காமல் 121. அன்று அவருக்குப் பதினாறாவது பிறந்தநாள்.

என் மகளின் ஆட்டங்கள் இதற்கெல்லாம் வெகு தொலைவில். ஆனால் அவள் அணியில் எல்லோருக்கும் பேட்டிங் கிடைக்கும், குறிப்பிட்ட ரன் வந்ததும் வெளியே வந்து அடுத்தவளுக்கு வழிவிட வேண்டும். நடுவராக நிற்பது யாராவது ஒரு அப்பா. அவர் நான்கு ரன்னுக்குக் கையசைத்தால், நான் பெவிலியனிலிருந்து பேனா பிடித்த கையைத் தூக்கிக் காட்டும்வரை அடுத்த பந்தை வீச விடமாட்டார். காற்று பக்கத்தைப் புரட்டாமல் இருக்கத் துணி கிளிப் இரண்டு மாட்டியிருப்பேன். பந்துவீச்சுக் கட்டத்தில் ஆறு புள்ளி விழுந்தால் அவற்றை இணைத்து 'M' போடுவோம், மெய்டன் ஓவர். போன ஜூனில் என் மகளுக்கு முதல் 'M' போட்டேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

ஐபிஎல்லில் ஐரிஷ்காரர் யாராவது? சிஎஸ்கேவில்? – சென்னை, பத்தாம் வகுப்பு மாணவர்

டப்ளின் பையன் ஜோஷ் லிட்டில், இடதுகை வேகம். 2022-இல் உங்கள் சிஎஸ்கேவுக்கு வலைப் பந்துவீச்சாளராக வந்து சீக்கிரமே திரும்பிவிட்டார். அந்த வருடமே டி20 உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார். டிசம்பர் ஏலத்தில் குஜராத் 4.4 கோடிக்கு எடுத்தது.

2017-இல் டெஸ்ட் தகுதி கொடுத்தார்கள். அப்புறம் ஏன் ஆட்டமே காணோம்? – சேலம்

பணம்தான் காரணம். அயர்லாந்தில் ஒரு டெஸ்ட் நடத்துவது கையைக் கடிக்கிறது. நிரந்தர மைதானம் இல்லாததால் மலாஹைடில் ஒவ்வொரு முறையும் தற்காலிக இருக்கைகளைக் கொண்டுவந்து போட்டு, பிறகு பிரித்து எடுக்க வேண்டும். ஒப்பந்தமான தொடர்களையே செலவு தாங்காமல் ரத்து செய்திருக்கிறார்கள். டெஸ்ட் தகுதியே இன்னொரு பக்கம் அடியும் கொடுத்தது. அதற்கு முன் ஐரிஷ் வீரர்கள் இங்கிலாந்தின் மாவட்ட அணிகளான கவுண்டிகளில் உள்ளூர்க்காரர்களாக ஆடலாம். தகுதி வந்ததும் வெளிநாட்டவர் கணக்கு. 2019-இல் லார்ட்ஸில் 13 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை மதிய உணவுக்கு முன் 85-இல் சுருட்டிய டிம் முர்டா, அதே வருடம் மிடில்செக்ஸா அயர்லாந்தா என்ற நிலை வந்து கவுண்டியைத் தேர்ந்தெடுத்தார். அந்த டெஸ்ட்டின் கடைசி இன்னிங்ஸில் அயர்லாந்து 38-க்குச் சுருண்டது. ஆடி ஆடித்தானே பழகும்? 38-ஐக் காட்டி இவர்களுக்கு டெஸ்ட் எதற்கு என்று கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. பெரிய நாடுகள் வருடத்துக்கு ஒரு டெஸ்ட்டாவது இங்கே வந்து ஆட வேண்டும். 2030 டி20 உலகக் கோப்பையை இங்கிலாந்து, ஸ்காட்லாந்துடன் சேர்ந்து அயர்லாந்தும் நடத்துகிறது. அதை ஒட்டி டப்ளின் ஆபட்ஸ்டவுனில் ஒரு நிரந்தர மைதானத்துக்கு அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அதற்காகக் காத்திருக்கிறோம்.

உங்களுக்குப் பிடித்த ஐரிஷ் ஆட்டக்காரர்? – திருநெல்வேலி

ஆண்டி மெக்பிரைன். டைரோனில் டோனமனா என்ற கிராமத்து கிளப்பிலிருந்து வந்தவர். ஆஃப் ஸ்பின் போடுவார், இடதுகையால் பேட் செய்வார். 2024 ஜூலை, ஸ்டோர்மாண்டில் ஜிம்பாப்வேயோடு டெஸ்ட். சொந்த மண்ணில் அதுவரை ஒரு டெஸ்ட்டும் ஜெயித்ததில்லை. 158 தேவை. 21 ரன்னுக்கு 5 விக்கெட் போய்விட்டது. நான் வீட்டில் சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மெக்பிரைனும் லார்கன் டக்கரும் நின்றார்கள். ஒன்று, இரண்டு, ஒரு நான்கு. டக்கர் 56-இல் போனார்; மெக்பிரைன் 55 எடுத்துக் கடைசிவரை நின்றார், 4 விக்கெட்டில் வெற்றி. அவர்கள் நூறைத் தாண்டியபோது மகள் என் பழைய ஸ்கோர் புத்தகத்தை எடுத்துவந்து, காலிப் பக்கத்தில் பந்து பந்தாக எழுத ஆரம்பித்திருந்தாள்.