மலையேற்றத்தில் தட்டும் பக்கி: எந்தக் கோடு சரி?

கேள்வி: ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் பெரியப்பா மகனிடம் பழைய நிசான் 1400 பக்கி ஒன்றை வாங்கி டர்பன் சாட்ஸ்வொர்த்துக்கு ஓட்டி வந்தேன். அங்கே வெண்ணெய் மாதிரி ஓடிய வண்டி, இங்கே காய்கறி மூட்டையோடு ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது 'டிக் டிக்' என்று தட்டுகிறது. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், திறந்து மூடும் பாயிண்ட் வைத்த பழைய வகைதான். டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பார்க்கலாம் என்று குனிந்தால், இன்ஜின் முன்னால் சுழலும் கிராங்க் புல்லியில் இரண்டு கோடு இருக்கிறது. ஒன்று யாரோ ரம்பத்தால் அறுத்தது. எதை நம்புவது அண்ணா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் நம்பாதீர்கள் தம்பி. (இந்த ஊரில் பிக்கப் வண்டியைப் பக்கி என்றால், தமிழ்நாட்டிலிருந்து வந்த என் மாமியார் இன்னமும் யாரையோ திட்டுவதாக நினைத்துக்கொள்கிறார்.)

வண்டி கெட்டுப்போகவில்லை, கீழே இறங்கி வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் சரக்கும் குறைவு, எரிவதும் மெதுவாக. அதனால் அங்குள்ள மெக்கானிக்குகள் டைமிங்கைச் சில டிகிரி முன்னுக்குத் தள்ளி வைப்பது வழக்கம். அதே அட்வான்ஸோடு டர்பனுக்கு வந்தால், முழுக் காற்றும் உள்ளே போய், பிஸ்டன் மேலே வரும் முன்பே அழுத்தம் எகிறித் தட்டும். டேங்கில் அங்கே போட்ட 93 ஆக்டேன் மிச்சம் இருந்தாலும் இதே கதைதான். முதலில் அதைத் தீர்த்துவிட்டு 95 போட்டு ஒருமுறை மலையேறிப் பாருங்கள். அப்போதும் தட்டினால் ஸ்பேனரை எடுக்கலாம்.

முதல் வேலை, ஒன்றாம் சிலிண்டரில் பிஸ்டன் ஏறி நிற்கும் உண்மையான உச்சப் புள்ளியைக் கண்டுபிடிப்பது. டைமிங் டிகிரியை அங்கிருந்துதான் எண்ண வேண்டும். ரேடியேட்டர் பக்கம் இருப்பதுதான் ஒன்று. பிளக் ஓட்டையில் ஸ்ட்ராவை விட்டு, அது உயர்ந்து நிற்கும் இடம்தான் உச்சம் என்று பலர் சொல்வார்கள். அந்த இடத்தில் பிஸ்டன் ஏறக்குறைய தூங்கிவிடும். இந்த இன்ஜினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 77 மி.மீ. உச்சத்திலிருந்து கிராங்க் 5 டிகிரி விலகினாலும் பிஸ்டன் இறங்குவது சுமார் 0.2 மி.மீ.தான். ஸ்ட்ராவுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அந்த 5 டிகிரிதான் தட்டுவதற்கும் தட்டாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

அதனால் உச்சத்தைத் தேடாமல், அதன் இரு பக்கத்தையும் பிடியுங்கள். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, நடுவில் முனை மழுங்கிய போல்ட் ஒன்றை இறுக்கினால் தடுப்பு தயார். பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள், கியர் நியூட்ரல், நான்கு பிளக்கும் வெளியே. ஒன்றாம் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினை ஓடும் திசையில், அதாவது முன்னால் நின்று பார்த்தால் கடிகாரச் சுற்றில், திருப்புங்கள். விரலைக் காற்று தள்ளினால் அது கம்ப்ரஷன், பிஸ்டன் காற்றை அமுக்கி ஏறும் சுற்று. இதைத் தவறவிடக் கூடாது: கம்ப்ரஷனில் இரண்டு வால்வும் மூடியிருப்பதால் நம் தடுப்பு அவற்றில் இடிக்காது.

பிஸ்டன் உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்போதே தடுப்பை முறுக்குங்கள். பிறகு மெல்லத் திருப்பி, பிஸ்டன் வந்து தொட்டதும் நிறுத்தி, டைமிங் மூடியிலுள்ள பூச்சியத்துக்கு நேராகப் புல்லியில் சாக்பீஸ் கோடு. அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பினால் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று போகும், வால்வுகளும் திறக்கும். அதனால் தடுப்பைக் கழற்றிவிட்டு உச்சத்தைத் தாண்டிக் கொஞ்சம் போய், தடுப்பை அதே ஆழத்துக்கு மறுபடி முறுக்கி, பின்னோக்கித் திருப்பித் தொடவிட்டு இரண்டாவது கோடு போடுங்கள். ஆழம் மாறினால் கணக்கே தப்பு. போல்ட்டின் நட்டைப் பூட்டி வையுங்கள். இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில் வருவதுதான் உண்மையான பூச்சியம். தடுப்பு உள்ளே இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், கையாலும் முரட்டுத்தனம் வேண்டாம். தொழில் பழகிய காலத்தில் நான் தடுப்புக்குப் பதில் ஸ்க்ரூடிரைவரை விட்டு, அது வளைந்து மாட்டி, கடைசியில் ஹெட்டையே இறக்கினேன்.

கம்பெனி வெட்டு இந்த நடுக்கோட்டோடு பொருந்தினால் புல்லி அசல். ரம்ப வெட்டு, சுழலும் திசையில் அதற்கு முன்னால் இருந்தால், அது லெனேசியாவில் யாரோ போட்ட அட்வான்ஸ் கோடு. இரண்டுமே பொருந்தாவிட்டால் புல்லி வேறு இன்ஜினுடையது. நடுக்கோட்டையே புதிதாக வெட்டி வெள்ளை பூசுங்கள். டைமிங் மூடியிலுள்ள டிகிரி அளவுகோல் உடைந்திருந்தால், புல்லியின் சுற்றளவை டேப்பால் அளந்து 360-ஆல் வகுங்கள், 410 மி.மீ. என்றால் ஒரு டிகிரிக்கு 1.14 மி.மீ.

அடுத்து பாயிண்ட் இடைவெளி, பிறகுதான் டைமிங். இடைவெளி கூடினால் டைமிங் முன்னேறும், குறைந்தால் பின்வாங்கும். முறையை மாற்றிச் செய்தால் இரண்டு வேலை. எத்தனை டிகிரி என்பது வருஷத்தையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பொறுத்தது. பானட் ஸ்டிக்கரையோ கைப்புத்தகத்தையோ பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது வேண்டாம்.

அந்த டிகிரிக்கு ஓடும் திசையிலேயே கொண்டு வாருங்கள். தாண்டிவிட்டால் கால் சுற்று பின்னே போய் மறுபடி வாருங்கள், இல்லாவிட்டால் செயின் தளர்ச்சி ஏமாற்றும். காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனைக்கும் பாடிக்கும் இடையே 12 வோல்ட் பல்பு, எர்த்தை மாட்டி இக்னிஷன் ஆன். டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ரோட்டர் சுற்றும் பக்கம் திருப்பினால் பல்பு அணையும். எதிர்ப்பக்கம் மெல்ல வந்தால் ஒரு இடத்தில் பளிச்சென்று எரியும். பாயிண்ட் திறக்கும் கணம் அது. அங்கேயே இறுக்குங்கள்.

ஓடும் இன்ஜினில் கோட்டை நிறுத்திக் காட்டும் ஸ்ட்ரோப் லைட் இருந்தால், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் சரிபாருங்கள். முழுக்கைச் சட்டையோடு ஃபேன் பக்கம் குனிய வேண்டாம்.

பிறகு மூட்டையை ஏற்றிக்கொண்டு பைன்டவுனிலிருந்து க்ளூஃப் வரை ஒரு ஓட்டம். இன்னும் லேசாகத் தட்டினால் ஒரு டிகிரி பின்னுக்கு. தீபாவளிக்கு லெனேசியா போகும்போது இழுவை கொஞ்சம் குறையும். அதற்காக அண்ணன் மறுபடி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப வந்தால், பானட்டைத் திறக்க விடாதீர்கள்.