அப்டேட் செய்தால் சாஃப்ட்வேர் ஏன் முன்பை விட மோசமாகிறது? வேண்டுமென்றே செய்கிறார்களா?

பெரும்பாலும் வேண்டுமென்று செய்வதில்லை. அப்டேட் என்ற பெயரில் உங்கள் கைக்கு வருவது பல நேரங்களில் பழைய சாஃப்ட்வேரே அல்ல. பெயரும் லோகோவும் பழையவை, உள்ளே இருப்பது முதல் வரியிலிருந்து புதிதாக எழுதியது. அப்படி எழுதும்போது, எந்த டாகுமென்டிலும் இல்லாத பழைய வசதிகள் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும்.

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திரையின் அடியில் ஐகான்கள் வரிசையாக நிற்கும் பட்டை இருக்கிறதே, அந்த டாஸ்க்பாரைப் புதிதாக எழுதினார்கள். திரையின் பக்கவாட்டுக்கோ மேலேயோ அதை நகர்த்தும் வசதி போனது. திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலும் தன் பெயரோடு தனித்தனியாகத் தெரிகிற வசதியும் போனது. பத்து எக்ஸெல் ஷீட் திறந்து வைத்து வேலை பார்ப்பவரை நினைத்துப் பாருங்கள்: ஒரே ஒரு பச்சை ஐகான், அதன் மேல் மவுஸை வைத்தால் அடையாளமே தெரியாத குட்டிக் குட்டிப் படங்கள். தனித்தனியாகக் காட்டும் வசதி திரும்பி வர 2023 ஆகிவிட்டது. டாஸ்க்பாரை நகர்த்துகிறவர்கள் ரொம்பக் குறைவு என்று மைக்ரோசாஃப்ட் தரப்பில் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் குறைவான பேர் நாள் முழுக்க அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். தலையை எண்ணினால் அது தெரியாது.

சின்ன சாஃப்ட்வேர்களில் நிலைமை இன்னும் மோசம். நான் கணக்கு பார்க்கும் மருந்து ஏஜென்சியில் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுகிறது, பெயர் வேண்டாம். பழைய வெர்ஷன் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் மருந்தின் முதல் மூன்று எழுத்தைத் தட்டி என்டர் அடித்தால், எக்ஸ்பைரி கிட்டத்தில் இருக்கிற பேட்ச் (ஒரே தொகுதியாகத் தயாரான சரக்கு) முதல் வரியில் நிற்கும். எண்ணிக்கை போட்டு இன்னொரு என்டர், முடிந்தது. பில் போடுகிற பையன் தோளில் ஃபோனை இடுக்கிக்கொண்டு, கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பான். புதிய வெர்ஷனில் பேட்ச் பட்டியல் தனி விண்டோவாகத் திறக்கிறது. மவுஸைத் தொட்டே ஆகவேண்டும். அதுகூடப் பழகிவிடும். கடைசியாக வாங்கிய பேட்ச் மேலே வந்து உட்கார்ந்துகொண்டதுதான் வினை. அவசரத்தில் எல்லோரும் முதல் வரியைத்தானே எடுப்பார்கள்? புது சரக்கு போய்க்கொண்டே இருக்க, பழைய ஸ்ட்ரிப்கள் ரேக்கிலேயே எக்ஸ்பைரி ஆயின. சப்போர்ட்டுக்கு ஃபோன் போட்டால், "அப்படி ஒரு ஆப்ஷன் இருந்துச்சா சார்?" என்று எங்களையே கேட்கிறார்கள்! எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார்.

சரி, பழைய வெர்ஷனுக்கே திரும்பிவிடலாமே என்றால், அந்த வழியையும் அடைத்துவிடுகிறார்கள். அப்டேட் ஓடும்போதே டேட்டா ஃபைல் புதிய வடிவத்துக்கு மாறிவிடும், பழையதில் அது திறக்காது. சர்வரை நம்பி ஓடும் ஆப்பென்றால் இன்னும் சிக்கல். சோனோஸ் ஸ்பீக்கர் கம்பெனி 2024 மே மாதம் தன் ஆப்பை அடியோடு மாற்றியது. அலாரம், ஸ்லீப் டைமர் மாதிரி அடிப்படை வசதிகளே முதலில் அதில் இல்லை. பழைய ஆப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்டதற்கு, சர்வர் பக்கமெல்லாம் மாறிவிட்டது, பழையதை வெளியிட்டால் பிரச்சினை கூடத்தான் செய்யும் என்றார்கள். 2025 ஜனவரியில் அதன் தலைமை அதிகாரி பதவியை விட்டே போனார்.

இதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, அதைத் தடுக்கும் செக்யூரிட்டி பேட்ச், அதாவது சாஃப்ட்வேரில் உள்ள ஓட்டையை அடைக்கும் சின்ன அப்டேட், மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். செக்யூரிட்டி பேட்ச் வேறு, வெர்ஷன் மாற்றம் வேறு. முதலாவதை உடனே போடுங்கள். இரண்டாவதற்கு அவசரமே இல்லை, மற்றவர்கள் போட்டு நான்கு திட்டு திட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். போடுவதற்கு முன் டேட்டா ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து, பழைய இன்ஸ்டால் ஃபைலையும் அதோடு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் புதியதை ஓட்டிப் பாருங்கள், தினமும் அதில் பில் போடுகிறவரையே உட்காரவைத்து. முதலாளி பார்த்தால் கலர் நன்றாக இருக்கிறது என்பார். முக்கியமாக, வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் கடைசியில் யார் வந்து கெஞ்சினாலும் வெர்ஷன் மாற்றாதீர்கள்.