உயரம் 169, ஊரில் ஒரு கேஸ்: சென்னை சிட்டி போலீஸில் சேர முடியுமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 21, ஐ.டி.ஐ. முடித்திருக்கிறார், உயரம் 169 சென்டிமீட்டர். கோயில் திருவிழாத் தகராறில் எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறி, பிறகு கோர்ட்டில் விடுதலையும் ஆகிவிட்டதாம். சென்னை சிட்டி போலீஸில் சேர முடியுமா, டிரெயினிங் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். நான் 2020 செலக்‌ஷன், செய்யாறு பக்கத்துக் கிராமம். இப்போது சென்னையில் ஏ.ஆர்., அதாவது ஆயுதப்படை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். சென்னை சிட்டி போலீஸுக்கென்று தனியாக விண்ணப்பம் எதுவும் கிடையாது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் மாநிலம் முழுவதுக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு விடும், அதில் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் எல்லாம் வரும். காவலரிலேயே ஆயுதப்படை ஒன்று, சிறப்புக் காவல் படை ஒன்று. மாநகரத்துக்குள் வர ஆசைப்பட்டால் உங்கள் வழி ஆயுதப்படைதான், எந்த மாவட்டம் எந்த மாநகரம் என்பது ஒதுக்கீடு வரும்போதுதான் தெரியும். சினிமாவில் வருகிற மாதிரி பாஸ் ஆன மறுநாளே ஸ்டேஷனில் லத்தியோடு உட்கார முடியாது. ஸ்டேஷனுக்கு, எங்கள் பாஷையில் தாலுகாவுக்கு, மாறுவதற்குச் சீனியாரிட்டி வர வேண்டும், அதற்குச் சில வருஷங்கள் ஆகும்.

படிப்புக்குப் பத்தாவது பாஸ் போதும். வயது 18 முதல் 26, பி.சி., எம்.பி.சி.க்கு 28, எஸ்.சி., எஸ்.டி.க்கு 31. எழுத்துத் தேர்வு அப்படியொன்றும் மலை இல்லை. 2022-லிருந்து முதலில் 80 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தேர்வு, அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் மெயின் பேப்பரையே திருத்துவார்கள். மெயின் 70 மதிப்பெண், பொது அறிவு 45, உளவியல் 25. உளவியல் என்று பேரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், எண் தொடர், உறவுமுறைப் புதிர், மனக்கணக்கு மாதிரிதான் வரும். பள்ளிக்கூடப் புத்தகம் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை ஒழுங்காகப் படித்தவன் கோச்சிங் போகாமலே எழுதலாம். நான் போனேன், பன்னிரண்டாயிரம் கட்டினேன், அவர்களும் அதே சமச்சீர் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துத்தான் கொடுத்தார்கள்.

சரி, உயரம். ஆண்களுக்கு 170, எஸ்.சி., எஸ்.டி. என்றால் 167. நீங்கள் எந்தப் பிரிவு என்று எழுதவில்லை. 167 பிரிவில் வந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் அந்த ஒரு சென்டிமீட்டர் பெரிய சென்டிமீட்டர் தம்பி. ஆனால் 169 என்று எங்கே அளந்தீர்கள்? துணிக்கடை டேப்பில் அளந்ததையும் சாயந்திரம் அளந்ததையும் நம்பாதீர்கள். காலையில் எழுந்ததும் இருக்கிற உயரம் பகல் முழுக்க நின்று நடந்து ஓடியபின் கொஞ்சம் குறையும், இது எல்லோருக்கும் உள்ளதுதான். அதனால்தான் அளவெடுக்கிற அன்று பையன்கள் மைதானத்து ஓரமாகத் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். என் முன்னால் நின்றவன் தன் முறை வரும்வரை உட்காரவே இல்லை, படுப்பான், எழுந்து ஒரு அடி நகர்வான், மறுபடி படுப்பான். தேறிவிட்டான், அவனுக்கு 170.2. மார்பு 81, மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். அது பழகினால் வந்துவிடும், உயரம்தான் பழகி வராது.

1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். தினம் ஓடுகிறவனுக்கு இது சாதாரணம். ஆளைக் கழிப்பது கயிறு ஏறுவதுதான். கயிறு, நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம், இந்த மூன்றுக்கும் சேர்த்து இப்போது 24 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் செய்கிற அளவைப் பொறுத்து ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் என்று தரம் உண்டு. கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. எங்களுக்கு எழுத்துத் தேர்வு 2020 டிசம்பர் 13. உடல்தகுதி ஏப்ரலில் நடக்க வேண்டியது, கொரோனாவால் ஜூலை கடைசிக்குத் தள்ளிப் போனது. ஊரடங்கில் மைதானம் பூட்டிக் கிடந்ததால் எங்கள் கொல்லைப் புளியமரத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி ஏறினேன். அது மெல்லிசு, பிடி நன்றாக நிற்கும். தேர்வு மைதானத்தில் தொங்கியது கைக்குள் அடங்காத தடிக் கயிறு, எனக்கு முன்னால் ஏறின நூறு பேர் வியர்வையில் வழுக்குகிறது. ஐந்து மீட்டர் தாண்டிவிட்டேன். ஆறு மீட்டர் குறி தலைக்கு மேல் ஒரு முழம்தான் இருக்கும், இடது கை விட்டுவிட்டது. சரிந்து வந்ததில் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விட்டது, இரண்டு வாரம் அம்மாதான் சோறு ஊட்டினாள். ஒரு ஸ்டாரோடு தப்பித்தேன். அதனால் இப்போதே தடிக் கயிறாக வாங்கிக் கட்டுங்கள்.

இனி அந்தக் கேஸ். நீங்கள் உயரத்துக்குக் கவலைப்படுகிறீர்கள், எனக்கு உங்கள் கேஸைப் பற்றித்தான் கவலை. நன்னடத்தை விசாரணை என்று ஒன்று கடைசியில் வரும், உங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து ரிப்போர்ட் போகும். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி சிறப்பு விதிகளில் 14(பி) என்று ஒரு விதி இருக்கிறது. கோர்ட்டில் விடுதலை ஆகியிருந்தாலும், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்திருந்தாலோ, புகார் கொடுத்தவர் பிறழ் சாட்சி ஆனதால் கேஸ் விழுந்திருந்தாலோ, உங்களைக் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகத்தான் கணக்கில் எடுப்பார்கள். 2008-ல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வும் இந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. நம்ம ஊர்த் தகராறு கேஸெல்லாம் எப்படி முடியும் என்று உங்களுக்கே தெரியும். பஞ்சாயத்தில் பேசி ராஜியாகி, கோர்ட்டில் போய் "எனக்கு ஒன்றும் தெரியாது, யார் அடித்தார்கள் என்று பார்க்கவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் கேஸ் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்குவார்கள், அந்த விடுதலைதான் இங்கே காலை வாரும். எங்கள் லிஸ்டில் ஒருவன், மூன்றிலும் இரண்டு ஸ்டார் வாங்கினவன், இப்படித்தான் போனான். அவனுக்கு எல்லா டெஸ்ட்டும் முடிந்த பிறகுதான் அது தெரிந்தது.

இதைவிட மோசம் மறைப்பது. விண்ணப்பத்திலும் விசாரணைப் படிவத்திலும் வழக்கு இருக்கிறதா, இருந்ததா என்று கேட்கும் இடத்தில் "இல்லை" என்று போட்டு, பிறகு தெரியவந்தால் அதுவே தனிக் காரணமாகிவிடும். பணம் கொடுத்தால் ரிப்போர்ட்டைச் சரிபண்ணித் தருகிறேன் என்று எவனாவது வருவான், வாசலோடு அனுப்பிவிடுங்கள். தீர்ப்பு நகல் எடுத்து ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். குற்றமே செய்யவில்லை என்று முழுமையாக விடுவித்திருந்தால் உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது.

டிரெயினிங் ஏழு மாதம், காவலர் பயிற்சிப் பள்ளியில், அப்புறம் ஸ்டேஷனில் கொஞ்ச நாள் நடைமுறைப் பயிற்சி. இருட்டிலேயே விசில் ஊதும். ஓட்டம், பி.டி., கவாத்து, பிறகு வகுப்பு, சாயந்திரம் மறுபடி மைதானம், ராத்திரி ரோல் கால். முதல் வாரம் கவாத்தில் பாதிப் பேருக்கு வலது கையும் வலது காலும் சேர்ந்தே போகும். பிறந்ததிலிருந்து ஒழுங்காக நடந்தவன்தான், "நட" என்று சொன்னதும் மறந்துவிடுகிறான். "டேய், பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிடா நடந்து வந்த?" என்று கவாத்து போதகர் கத்துவார், சிரித்தவன் எல்லாம் மைதானத்தைச் சுற்றுவான். பெல்ட் பக்கிளை பிராசோ என்கிற பித்தளைப் பாலிஷ் போட்டுத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும், இன்று வரை அந்த வாசனை வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சட்ட வகுப்பில் நாங்கள் படித்தது இந்திய தண்டனைச் சட்டம். 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, கொலைக்கான 302 இப்போது 103, மோசடிக்கான நானூற்று இருபது 318 ஆகிவிட்டது. வாயில் இன்னும் பழசுதான் வருகிறது, எங்கள் ஏட்டையாவுக்குச் சுத்தமாக வராது. நீங்கள் நேராகப் புதுசையே படிக்கலாம்.

ஓட்டத்துக்குப் பயந்து யாரும் டிரெயினிங்கை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. நிற்பதில்தான் உடைவார்கள். வெயிலில் அட்டென்ஷனில் நிற்கும்போது மூக்கில் ஈ உட்காரும், கை போகக் கூடாது. அப்போது இது எதற்கு என்று எரிச்சலாக இருந்தது. சென்னை ஆயுதப்படை இருக்கிற புதுப்பேட்டைக்கு வந்த பிறகு புரிந்தது, வேலையே அதுதான். பாரா என்றால் இரண்டு மணி நேரம் துப்பாக்கியோடு நின்று நாலு மணி நேரம் ஓய்வு, மறுபடி நிற்பது. சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்பது. சிக்ஸர் போனால் எதிரே இருக்கிற முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். பிள்ளையார் கரைப்பு அன்று பட்டினப்பாக்கத்தில் பொழுது விடியும் வரை. இல்லையென்றால் வழிக்காவல், புழலிலிருந்து கைதியைக் கூட்டிப் போய்க் கோர்ட் வராந்தாவில் பேர் கூப்பிடும் வரை நிற்பது. வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021-ல் அரசாணையே வந்தது, பந்தோபஸ்து சீசனில் அது எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அடிப்படைச் சம்பளம் 18,200-ல் தொடங்கும், படியெல்லாம் சேர்ந்து வரும். குறை சொன்னேன் என்று நினைக்காதீர்கள், முதல் மாதச் சம்பளத்தில் அப்பாவின் கூட்டுறவு வங்கி நகையைத் திருப்பினேன். முதல்நிலைக் காவலராகப் பத்து வருஷம் ஆகும். அதற்குள் எஸ்.ஐ. தேர்வு எழுதலாம், துறையில் இருப்பவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நான் அதற்குத்தான் பாரா ஓய்வு நேரத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன்.

காலையில் எழுந்ததும் அரசு ஆஸ்பத்திரியில் ஒருமுறை உயரம் அளந்து பாருங்கள். தீர்ப்பின் கடைசிப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று கமெண்டில் போடுங்கள், பெயர்களை மறைத்துவிட்டு. இந்த வாரம் எனக்கு நைட், பதில் கொஞ்சம் தாமதமாகும்.